நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்

1

இந்தக் கதை ஒரு அறிவிப்புத் தாளிலிருந்து வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை வணிக வளாகமாக மாற்றுகிறார்கள். அதன் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் அந்தத் தாளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். 'வளாகத்தை அழகுபடுத்தும் திட்டத்தின்கீழ் இம்மரம் அகற்றப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் புதன்கிழமை பதினொரு மணிக்கு வரவும்.' அழகுபடுத்த மரத்தை வெட்டுகிறார்களா என்று சிரித்தேன். ஒரு நையாண்டிக் கதை எழுதலாம் என்றுதான் கூட்டத்துக்குப் போனேன். மீதியைப் பிறகு விஷ்ணுப்ரியாவே எனக்குச் சொன்னாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விஷ்ணுப்ரியா பொய் சொல்லிப் பழகியவள் அல்ல, ஆனால்—' (அவளுக்கு வக்கீல் வேலை பார்ப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.)

அடுத்தது: 'மரம் அன்று நன்றாகத்தான் இருந்தது.' (இது இருக்கட்டும்.)

2

மரம் அன்று நன்றாகத்தான் இருந்தது. விஷ்ணுப்ரியா மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் கெட்டியான சத்தம். வளாகத்தின் தோட்டத்தையும் நடைபாதைகளையும் வரைந்தவள் அவள். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். வரைபடத்தில் அந்த மரம் நின்ற இடத்தில்தான் கார்கள் உள்ளே இறங்கும் சரிவுப் பாதை வந்தது.

"ஒரு வரி மதி, அது போதும், விஷ்ணுப்ரியா" என்றார் கட்டுமான மேலாளர் ஹரிநாராயணன். "உள்ளே கேடு வந்திருக்குன்னு எழுது. பாக்கியை நான் பார்த்துக்கறேன்."

"தட்டிப் பார்த்தேன் சார். ஒரு கேடும் இல்லை."

"நீ தட்டினதை வேற யாரு கேட்டா?"

அவள் எழுதினாள். 'தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், தெற்குப் பக்கம், நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு உட்புறம் உளுத்துப் போயிருக்கிறது. காற்றடித்தால் சாயும். கீழே இருப்பவர் உயிருக்கு ஆபத்து.' நாற்பது என்று போட்டால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும். அதனால் நாற்பத்து மூன்று.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: கதை எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறோம். விஷ்ணுப்ரியாவுக்கு வயது முப்பத்து நான்கு.)

3

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். சுமைதூக்கும் நாணு, வளாகம் வந்தால் தன் மகளுக்குப் பணி கிடைக்கும், ஒரு மரத்துக்காக அதைக் கெடுக்காதீர்கள் என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவசங்கரன், அந்த நிழல் இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு எங்கே நிற்பது என்று கேட்டார். இருவரும் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் பொன்மணி எழுந்தாள். சங்கரன்கோவிலிலிருந்து வந்தவள். பதினோரு வருடமாக அந்த மரத்தடியில் பூ விற்கிறாள்.

"ஏம்மா, மரம் உள்ள உளுத்துப் போச்சுன்னு எழுதியிருக்கீயளே. எப்பம்மா உள்ள போய்ப் பாத்தீய? தெனமும் அதுமேல சாஞ்சுதான் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"கருவி வெச்சுப் பார்த்தேன்" என்றாள் விஷ்ணுப்ரியா.

பொன்மணி அவளையே பார்த்தபடி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை நேரில் வந்து மரத்தைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி, மரம் வெட்ட அனுமதி தரும் குழுவினர் எழுந்துவிட்டார்கள்.

4

வந்து பார்ப்பவர்களுக்கு எதைக் காட்டுவது? அந்தக் கவலையில் வியாழக்கிழமை நடுப்பகலில் அவள் மரத்தடிக்குப் போனாள். பொன்மணி சாயா குடிக்கப் போயிருந்தாள். விஷ்ணுப்ரியா தெற்குப் பக்கம் தட்டினாள்.

பூட்டிய அறையின் கதவைத் தட்டியதுபோல் கேட்டது.

குனிந்து பார்த்தாள். பட்டையில் விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு பிளவு. உள்ளேயிருந்து ஈரக்காற்று முகத்தில் பட்டது. உலோக அளவு நாடாவை மெல்ல உள்ளே தள்ளினாள். அது போய்க்கொண்டே இருந்தது, பிறகு எதிலோ முட்டி நின்றது. விளிம்பில் இருந்த எண்ணைப் படித்தாள். வெளியே எடுத்து, மறுபடி தள்ளி, மறுபடி படித்தாள்.

நாற்பத்து மூன்று.

அண்ணாந்து பார்த்தாள். உச்சி வெயிலில், அந்தி சாய்ந்துவிட்டதுபோல, இலைகள் எல்லாம் மூடிக்கொண்டிருந்தன.

பொன்மணி வந்து பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வழக்கம்போல மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இங்கேர்ந்து எழுந்திருங்கோ. மரம் விழும்."

"கூட்டத்துலயும் இதத்தானே சொன்னீய."

"அப்போ சொன்னது பொய். இப்போ நிஜம்."

பொன்மணி திரும்பிப் பிளவைப் பார்த்தாள். அவள் முகம் கறுத்தது. "நேத்து வரைக்கும் இது இல்ல. உங்க ஆளுக வந்து தொளச்சிட்டாக, என்ன? நான் எந்திரிச்சா நாளைக்கே ரம்பத்தோட வந்துருவிய. மாட்டேன்."

(பொன்மணி வேறு என்ன நினைத்திருக்க முடியும்? பயந்து எழுந்து போகும்படி அவளை மாற்றி எழுதிப் பார்த்தேன். நான்கு வரி தாண்டவில்லை. மறுபடியும் பெட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.)

5

விஷ்ணுப்ரியா ஹரிநாராயணனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். "நன்னாயி" என்றார் அவர். "நாளைக்குக் காட்ட எளுப்பமாச்சு, சுலபமா முடிஞ்சுரும்."

ஒரு முடிவு: அவள் அங்கேயே உட்கார்ந்து, 'மரத்தில் எந்தக் குறையும் இல்லை' என்று புதிய அறிக்கை எழுதுகிறாள். பிளவு மூடிக்கொள்கிறது. இலைகள்—

இது எனக்குப் பிடித்திருந்தது. அப்படிச் செய்து பார்த்தாயா என்று அவளிடம் கேட்டேன்.

"ரெண்டு தடவை எழுதினேன்" என்றாள். "பிளவு அப்படியேதான் இருந்தது. கேடுன்னு எழுதினது நடந்துடுத்து. நன்னாயிருக்குன்னு எழுதினா ஒண்ணும் நடக்கலை."

இன்னொரு முடிவு: குழு வருகிறது, மரம் வெட்டப்படுகிறது, பொன்மணி பிழைக்கிறாள். பிழைத்து எங்கே போய் உட்காருவாள் என்று—

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். அன்று பிற்பகல் விஷ்ணுப்ரியா மூன்று முறை கெஞ்சினாள். பிறகு தானும் ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொன்மணியின் பக்கத்தில், பிளவுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்கு இங்க உக்காருதீய?"

"எழுதினது நான்தானே."

அவள் இதை எனக்குச் சொன்னது அந்தப் பெட்டியில் உட்கார்ந்தபடிதான். கேட்டுவிட்டு நான் எதிர்க்கடை வாசலுக்கு வந்து நின்று குறித்துக்கொண்டேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன். பொன்மணி பூ தொடுக்கிறாள். அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும், கை அதை எழுதத் தயாராக இருக்கிறது: 'கடல் பக்கமிருந்து ஒரு காற்று—'

இல்லை. பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு உங்களிடம் இருக்கட்டும். எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எழுத மட்டும் வேண்டாம்.