சோக் தூமானின் ஐந்தாவது வெற்றி

மாகாண சபைத் தேர்தலில் சோக் தூமான் முதல் இரண்டு தடவை தோற்றபோது, மறுநாள் அவரை முகம் கொடுத்து உட்காரவைத்த இடம் ஹாரிம் சந்தையில் யோன்சிலின் மாட்டெலும்பு சூப் கடை ஒன்றுதான். மூன்றாம் தடவை கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுத்தது. ஹாரிமில் கட்சிச் சீட்டுக் கிடைத்துவிட்டால் அப்புறம் தேர்தல் வெறும் சடங்கு. கட்சியின் சிவப்புச் சட்டைக்குத்தான் ஓட்டு; உள்ளே இருக்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை. தூமான் மாகாண சபைக்கு இரண்டு முறை போனார், மாவட்டத் தலைவரானார், பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகிச் சியோலுக்குப் போனார். நான்கு வெற்றி. நான்கிலும் மகளிர் அணித் தலைவி யோன்சில்தான். குளிரில் முச்சந்தியில் நின்று, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் இடுப்பொடியக் குனிந்து வணங்கியவள் அவள்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்சி அவரைக் கழற்றிவிட்டது. சீட்டு மெங் என்பவருக்குப் போனது. சியோலில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். தாத்தா ஹாரிமில் பிறந்தார் என்பதைத் தவிர ஊரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்றைக்கு மதியம் தூமான் கடைக்குள் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் மண்டியிட்டார்.

"தலைவி, நாய வெரட்டுற மாதிரி வெரட்டிட்டானுங்க."

"எந்திரிங்கண்ணே. தரையெல்லாம் ஈரம்."

"செத்தாலும் இனி அந்தக் கட்சிக்குப் போகமாட்டேன். நீ கூட நின்னா தனியா நிப்பேன்."

யோன்சிலுக்கு ரத்தம் கொதித்தது. அன்றே கட்சியிலிருந்து விலகினாள். மகளிர் அணியில் பாதிப்பேர் அவளோடு வந்தார்கள்.

வராதவன் அவளுடைய தம்பி கிசூ. ஆப்பிள் பிரித்துப் பெட்டி போடும் கொட்டகை வைத்திருந்தான். அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் வேறு கட்சிக்கு ஓட்டு விழுந்ததில்லை. சந்தை நடுவிலேயே அவளை மறித்தான்.

"கட்சிய விட்டு ஓடுனவன் துரோகி. அவன் பின்னாடி போற நீ யாரு?"

"ஊரு பேரு தெரியாதவனுக்குத் தோரணம் கட்டுறியே, நீ யாருடா?"

"அப்பா நினைவு நாளுக்கு நம்ம வீட்டுப் பக்கம் வந்துராத."

அவள் போகவில்லை. அந்த நாளில் சுயேச்சைகளின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கட்டும்வரை தூமானுக்கு ஓட்டுக் கேட்டாள். சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் தூமான் ஜெயித்தார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. மதியக் கூட்டத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்த்தாள். சியோலில் கட்சித் தலைமையகம். தூமானுக்குச் சீட்டு மறுத்த அதே தலைவர் அவருக்குச் சிவப்புச் சட்டை மாட்டிவிடுகிறார். பக்கத்தில் மெங். மூன்று பேரும் கைகோத்துத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். சற்று நேரத்தில் அவள் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: கட்சிக்குத் திரும்பி வந்த உங்களை வரவேற்கிறோம். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

விவசாயச் சங்கக் கட்டடத்தில் நன்றி சொல்லும் கூட்டம் நடந்தபோது, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் உள்ளே நுழைந்தாள்.

"நம்ம தலைவி வந்துட்டாங்க, கை தட்டுங்க" என்றார் மேடையில் இருந்த தூமான்.

"என் பேர யாரு சேத்தது?"

"நம்ம பசங்கதான். எல்லாரும் மொத்தமாத் திரும்புனா ஒரு மரியாதைன்னு..."

"யாருக்கு மரியாதை?"

"இங்க பாரு தங்கச்சி. அங்க தனியா உக்காந்து நான் என்னத்தக் கிழிக்க? நமக்குப் புறவழிச்சாலை வேணாமா?"

சாலை என்றதும் கூட்டம் கை தட்டியது. யோன்சில் மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"செத்தாலும் போகமாட்டேன்னு என் கடையில மண்டி போட்டுச் சொன்ன. எப்ப செத்த?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூமானின் முகம் கறுத்தது. அவளோடு கட்சியை விட்டு வந்த ஒக்பூன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஒக்பூன் மேலும் சிவப்புச் சட்டை.

"போதும் அக்கா. ஜெயிச்சாச்சு, பழையபடி ஒண்ணாயாச்சு. இதுல என்ன கோவம்?"

தூமான் சொன்னதைவிட இதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கூட்டத்தில் கோபப்பட அவளைத் தவிர ஒருவருமில்லை.

மறுவாரம் தூமானின் உதவியாளர் கடைக்கு வந்தார். அடுத்த மாவட்டக் கவுன்சில் தேர்தலில், கட்சிப் பட்டியலில் பெண்களுக்கான முதல் இடம் அவளுக்குத்தான் என்று காதோரம் சொன்னார்.

"சூப் வேணும்னா குடி. இல்லன்னா எந்திரிச்சுப் போ" என்றாள் யோன்சில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பிறகு ஒருநாள் கிசூ வந்து மூலையில் உட்கார்ந்தான். மெங்குக்காகத் தெருத்தெருவாக அலைந்தவன். கைகோத்த படத்தைப் பார்த்துவிட்டு மெங்கின் அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறான். எந்த கிசூ என்று கேட்டார்களாம்.

"நம்ம ரெண்டு பேரையும் சேத்து வித்துட்டானுங்க."

"உன்ன எவன்டா வாங்குவான்?"

"நீ முதல்ல மன்னிப்புக் கேளு."

"சந்தையில வச்சு என்னைய அசிங்கப்படுத்துனது நீ."

சூப் ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போகும்போது, அடுத்த வருஷம் அப்பா நினைவு நாள் படையலுக்கு மீன் அவள்தான் வாங்கி வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மாவட்டக் கவுன்சில் தேர்தலில் யோன்சில் சுயேச்சையாக நின்றாள். ஒலிபெருக்கி வண்டியை கிசூ ஓட்டினான். தூமான் சியோலிலிருந்து வந்து, சந்தையில் கடை கடையாக ஏறி அவளுக்கு எதிராக ஓட்டுக் கேட்டார். அவள் தோற்றாள். கட்சிச் சீட்டில் நின்ற ஒக்பூன் ஜெயித்தாள்.

தேர்தல் முடிந்ததும் தோற்றவர்களும் வண்டியில் ஊரைச் சுற்றி நன்றி சொல்வது அங்கே வழக்கம். யோன்சிலும் ஏறி நின்று மைக்கைப் பிடித்தாள். ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு தூமானைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஆப்பிள் தோட்டச் சாலையில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார்.

"சத்தத்தக் குறைங்கம்மா. தேர்தல்தான் முடிஞ்சிருச்சே."

"அடுத்தது இருக்குல்ல" என்றாள்.

கிசூ வண்டியைத் தூமானின் அலுவலகம் இருக்கும் தெருவுக்குத் திருப்பினான்.