வெற்றுப் பக்கத்தில் ஐந்தாவது கையெழுத்து

ஏரி ஆலோசனைக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் தொடங்குமுன்பே உறுப்பினர்கள் தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில், அடியில், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மேலே என்ன தீர்மானம் என்பதை அதிகாரி பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். நாலு வருஷத்தில் அந்த மேல்பாதியில் ஏரியோடு வானத்தையும் சேர்த்து எழுதி வாங்கியிருந்தாலும் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது.

அன்று வலைக்காரி பேனாவைப் பிடித்தபடி கல்லாய் உட்கார்ந்திருந்தாள். மீன் முட்டையிடும் இரண்டு மாதமும் ஏரியில் வலை போடத் தடை. அந்தத் தடையை எடுக்கப்போகிறார்கள் என்று காலையில் அண்ணி வாய் தவறி உளறியிருந்தாள். எடுத்தால், பெரிய படகு சினைமீனை வழித்துத் துடைத்துவிடும். அடுத்த வருஷம் இவளுடைய சின்ன வலையில் தவளைகூட விழாது. அந்தப் பெரிய படகுக்காரன் கூடப்பிறந்த அண்ணன்தான். பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

ஐந்து கையெழுத்து இருந்தால்தான் தீர்மானம் செல்லும். வந்திருந்ததே ஐந்து பேர். நாலு பேர் போட்டாயிற்று. அதிகாரி செருமினார், அந்தச் செருமலில் ஜன்னல் கம்பியே அதிர்ந்தது.

"போடும்மா. வந்ததுக்குத்தான கையெழுத்து," என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வந்ததுக்குத்தானேண்ணே? அப்ப எங்க போட்டா என்ன?"

எழுத்து ஒன்று யானைக் காது அகலம். பக்கத்தின் உச்சியில் இருந்த தேதிக்குக் கீழே தொடங்கி, காலியிடம் முழுக்கத் தன் பெயரால் அடைத்துவிட்டுத்தான் பேனாவை வைத்தாள். ஒரு கடுகு உட்கார இடமில்லை.

பக்கத்தைக் கிழிக்க வழியில்லை. எண் போட்டுத் தைத்த புத்தகம். வியர்வையில் நனைந்த அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டி, மறுபடி கையெழுத்துக் கேட்டார். நாலு வருஷமாய் வாயே திறக்காத தபால்காரர் அப்போதுதான், என்ன எழுதப்போகிறீர்கள், முதலில் எழுதிக் காட்டுங்கள் என்றார். வேறு வழியின்றி அதிகாரி எழுதினார். தபால்காரர் படித்தார். வாத்தியார் படித்தார். தையல்காரர் இரண்டு தரம் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

அண்ணன் ஒருவன் மட்டும் போட்டான். தடை அப்படியே இருந்தது.

வாசலில் அவன் வழிமறித்தான். முகம் கறுத்திருந்தது.

"உன் வலைய நானே அறுக்கறேனா இல்லையா பாரு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அறுத்துக்கண்ணே. ரெண்டு மாசம் அதுக்கும் வேலையில்ல."