கோயிற் சுவரின் வெண்மை

கோடை முதிர்ந்த சித்திரைத் திங்களின் பிற்பகலொன்றில், வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையின் கல்மதில்கள் வெயிலிற் கனன்று நிற்க, தெற்கே கொள்ளிடம் மணலே ஆறாய்க் கிடக்க, இடைப்பட்ட பெரம்பலூர், அரியலூர் நிலப்பரப்பெங்கும் கரிசல் வெடித்து வாய்பிளக்க, அவ்வெடிப்புகளினூடே சுண்ணக்கற் பாறைகள் பல் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. கற்றறிந்த அன்பரே, அவை சிரிப்பதற்குக் காரணம் உண்டு. மாந்தர் தோன்றுமுன்னர் இங்கே அலையடித்த கடலொன்று, போகும்போது தன் சங்குகளையும் சிப்பிகளையும் இம்மண்ணில் விட்டுவிட்டு, பின்னர் ஒருநாளும் கேட்க வரவில்லை. வழிப்போக்கர் அவற்றை மிதித்து நடந்தனர். காளவாய்க்காரர் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். நெஞ்சிற் சுமந்தவர் அவ்வட்டாரத்தில் ஒருவரே.

அவர் வரதராசன்பேட்டை அமிர்தசாமி. திருச்சிராப்பள்ளிக் கல்லூரியொன்றின் வேதியியற் செய்முறைக் கூடத்தில் துணையாசிரியர். காலையில் அதே உப்பு, மாலையிலும் அதே உப்பு. ஆண்டுதோறும் மாணாக்கர் முகம் மாறுமேயன்றிக் குடுவையின் நிறம் மாறாது. செக்குமாட்டுக்காவது எண்ணெய் வழிவது கண்ணிற்படும். அவருக்கு அதுவும் இல்லை. அக்கூடத்துக் கம்பிச் சாளரத்துள் மூச்சு முட்டிய நெஞ்சுக்கு, விடுமுறைதோறும் ஊர் வந்து ஓடைக்கரைகளில் அலைந்து கல் பொறுக்குவதே காற்றோட்டம். அவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்று, ஆட்டுக்கிடாயின் கொம்புபோற் சுருண்டு, வண்டிச் சக்கரத்தின் குடமளவு பருத்து, ஒரு விள்ளலும் உடையாதிருந்த சங்குக்கல், அக்கடலின் சங்கொன்று கல்லாய் இறுகியது. அதனையொத்த மற்றொன்றை எந்நூலிலும் அவர் கண்டாரில்லை.

அந்தோ, அறிவிருந்த அளவு அவரிடம் அச்சமும் இருந்தது! பிறர் அறிந்தால் பெயரைத் தட்டிக்கொண்டு போவரென்று, அக்கல்லையும் அரிய வேறு சிலவற்றையும் மாட்டுக்கொட்டிலின் மூலையில் வெறுங்கற் குவியலின் அடியிற் புதைத்துவைத்தார். உடன் வருகிறோம் என்ற மாணாக்கரைத் தட்டிக்கழித்தார். "இந்தக் கல்லையெல்லாம் எதுக்குங்க சுமந்துட்டு வரீங்க?" என்று மனைவி மரிய புஷ்பம் கேட்கும்போதெல்லாம், "ஒனக்குப் புரியாது" என்பதே விடையாயிற்று. கேட்டுக் கேட்டு அலுத்து, அவளும் கேட்பதை விட்டாள்.

உலகப் பெரும்போர் ஓய்ந்த மறு ஆண்டு, கல்லூரி ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஆராய்ச்சிப் பயிற்சி அளிக்கும் திட்டமொன்று சென்னையிற் பிறந்தது. நிலவியலில் ஓராண்டுப் பயிற்சி. தாமே திரட்டிய அரிய கற்களைக் காட்டுவோர்க்கே இடம். அகவை நாற்பதைக் கடந்தோர்க்கு இல்லை. அமிர்தசாமிக்கோ வரும் ஆவணியில் நாற்பது நிறைகிறது. இதுவே முதற்கதவு, இதுவே இறுதிக் கதவு. சிறு கற்களைப் பெட்டியில் அடுக்கித் திருச்சிக்குக் கொண்டுசென்று பெயரெழுதி ஒட்டினார். பெருங்கற்கள் வண்டியில் அடிபடும். கற்களைப் பார்வையிடத் தேர்வாளர் அரியலூர் வருவதற்கு முந்தைய நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவற்றைக் கொட்டிலிலேயே விட்டார். அதையும் மனைவியிடம் சொன்னாரில்லை.

அந்நாள் வந்தது. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது, கொட்டிலின் மூலை பெருக்கி மெழுகிக் கிடந்தது. முகமெல்லாம் மலர்ச்சியாய்ப் புஷ்பம் ஓடிவந்தாள்.

"இந்தப் படிப்பு ஒங்களுக்குக் கெடைக்கணும்னு, திருநாளுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு தரேன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேங்க. கெடைச்ச பொறவு குடுக்கறதுல என்ன இருக்குன்னு முன்னாடியே குடுத்துட்டேன். நல்ல கல்லையெல்லாம் பெட்டியில எடுத்துட்டுப் போயிட்டீங்களே, மிச்சம் சும்மாதானே கெடந்துச்சு! வந்து பாருங்க, கோயிலு எப்படி இருக்குன்னு!"

கால்கள் தாமே அவரைக் கோயிலுக்கு இட்டுச்சென்றன. சுவர் கண்ணைப் பறித்தது. வெள்ளையடிக்கும் மட்டையும் கையுமாய் ஏணியில் நின்ற காளவாய்க்காரர் அரியமுத்து, வாயெல்லாம் பல்லாக இறங்கிவந்தார்.

"இப்படியொரு சுண்ணாம்பு நீறு எங்க காளவாயில எறங்குனதே இல்லீங்க வாத்தியாரே. ஒரே ஒரு பெரிய கல்லுதான் மொரண்டு புடிச்சுது. சம்மட்டியால ஒடச்சுப் போட்டோம்."

அமிர்தசாமி சுவரைத் தொட்டார். வெண்மை விரலில் ஒட்டிக்கொண்டது. அழவேண்டும் போலிருந்தது, அழுதால் ஏனென்று கேட்பார்களே என்று அதையும் விழுங்கினார்.

மறுநாள் அரியலூர்ப் பயணியர் விடுதியில், தேர்வாளர் பெட்டியைப் பொறுமையாய்ப் பார்த்தார்.

"நன்கு திரட்டியிருக்கிறீர்கள். ஆயினும் இவை எவ்வோடையிலும் கிடைப்பவை. வேறு உண்டா?"

"ஒண்ணு இருந்ததுங்க ஐயா. இப்ப இல்லை" என்று தொடங்கி, அதன் சுருளையும் வரிகளையும் அவர் கையாற் காற்றில் வரைந்து காட்டக் காட்ட, தேர்வாளர் நிமிர்ந்து அமர்ந்தார்.

"அவ்வகையை இப்பகுதியில் எவரும் கண்டதாக நான் அறியேன். தங்கள் மாணாக்கருள் ஒருவரேனும் அதைப் பார்த்ததுண்டா? படம் வரைந்ததுண்டா? படித்த ஒருவர் சான்று போதும், இடம் தங்களுக்கே."

தட்டிக்கழித்த முகங்களெல்லாம் அமிர்தசாமியின் கண்முன் வரிசையாய் வந்து நின்றன. படத்தைத் தாமும் வரைந்தாரில்லை. வரைந்தால் எவரேனும் பார்த்துவிடுவரன்றோ!

"யாரும் பாக்கலீங்க" என்றார்.

பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பியவரின் முகத்தைக் கண்டதுமே புஷ்பத்துக்கு விளங்கிவிட்டது. அருகே வந்து கேட்டாள்: "அந்த மூலையில கெடந்ததுல ஏதாச்சும் தேவைப்பட்டுச்சா? அது என்ன கல்லுங்க? நான் தப்புப் பண்ணிட்டேனா?"

இத்தனை ஆண்டுகளாய்ச் சொல்லாத சொற்களெல்லாம் நாவின் நுனிக்கு வந்துவிட்டன. கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஓர் உயிர் எதிரே காத்து நிற்கிறது. ஆனால் சொல்லி முடிக்கும் நொடியில் அவ்வுயிர் என்னாகும்?

"ஒண்ணுமில்ல புஷ்பம். எல்லாம் வெறுங்கல்லு."

"அப்பாடா!" என்று அவள் நெஞ்சிற் சிலுவை வரைந்துகொண்டாள். "விடுங்க, அடுத்த தடவை மாதா கைவிட மாட்டா."

அடுத்த தடவை என ஒன்று இல்லை என்பதையும் அவர் சொன்னாரில்லை.

விடுமுறையில் வரும் ஒவ்வொரு ஞாயிறும் அமிர்தசாமி கோயிலில் அச்சுவரை நோக்கியே அமர்ந்திருப்பார். ஊரார் அதன் வெண்மையைப் புகழப் புகழ, பெண்கள் பக்கத்தில் புஷ்பத்தின் முகம் பூரிக்கும். அவரும் சிரித்து வைப்பார். அன்பரே, கற்றதைப் பிறர்க்கு ஒளித்துக் கதவடைத்தவன் தானும் அக்கதவுக்குள்ளேதான் இருக்கிறான். முதன்முறை அவர் அதை அச்சத்தால் அடைத்தார். அதை என்றேனும் திறந்திருக்கலாம். இரண்டாம் முறை அடைத்தது அன்பினால். அது கடைசிவரை திறக்கவேயில்லை.