ஊர் நலன்விரும்பிகளின் கையொப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிப் பாதையில் கந்தப்போடி தன் மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிளக்கில் ஒரு பழுதும் இல்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டை இரும்புப் படகுக்குப் படுவான்கரையில் பாதை என்று பேர். அதில் நின்று ஒருவரைக் கால் மணி நேரம் உளவு பார்ப்பதென்றால், குனிந்து செய்ய ஏதாவது வேலை வேண்டாமா?

உளவு பார்க்கப்பட்டவர் சுபாகரன், ஊர்ப் பாடசாலையின் கணித ஆசிரியர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கந்தப்போடி ஆறு மாதமாக அவரைக் கவனித்து வருகிறார். நெற்றியில் திருநீறு இல்லை. காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது உதடு அசைவதில்லை. வாணி விழாவில் கொடுத்த அவலை வாங்கினார். தின்றதை எவரும் காணவில்லை. ஞாயிறு தோறும் ஒரு கறுப்புப் பையோடு அக்கரைக்குப் போகிறார். பைக்குள் நீள்சதுரமாக ஏதோ இருக்கிறது. வேதப் புத்தகமாக இருக்கலாம். செங்கல்லாகவும் இருக்கலாம், ஆனால் செங்கல்லுக்காக எவரும் மேலிடத்துக்கு முறைப்பாடாகப் பெட்டிசம் எழுதுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் முகநூலில் எழுதியும் விட்டார்: “ஓ.எல். சோதனைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. திருவிழா நடக்கட்டும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள்.” திருநீறு பூசியவர் இதை எழுதியிருந்தால் ஆலோசனை. பூசாதவர் எழுதினால் அது சதி.

பாதை கரையை நெருங்கியது. கழற்றிய பிளக்கைத் திரும்பப் பூட்டத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் கந்தப்போடிக்கு ஞாபகம் வந்தது.

“தாங்க ஐயா.” சுபாகரன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். இரண்டு நிமிடத்தில் பூட்டி முடித்து, கையில் பட்ட கறுப்பை லேஞ்சியில் துடைத்தார்.

“சேர் எங்க, இந்த நேரத்தில?”

“அக்கரைக்கு ஐயா.”

பாதை அக்கரைக்குத்தான் போகும். ஆளைப் பிடித்து வைத்துக் கேட்டும் உண்மையைச் சொல்லவில்லை என்று கந்தப்போடி மனதில் குறித்துக்கொண்டார்.

எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அவருடைய பெட்டிசங்களால் ஊருக்கு ஒரு மதகு வந்தது, ஒரு பஸ் வந்தது, ஒரு தபாற்காரர் போனார். அடியில் எப்போதும் ‘ஊர் நலன்விரும்பிகள்’ என்று பன்மையில் இருக்கும். எழுதுவது ஒருமைதான்.

அன்று பகல் வீட்டில் உட்கார்ந்து எழுதியதை, வழக்கம்போல் மனைவி புஸ்பத்துக்கு வாசித்துக் காட்டினார். “பிஞ்சு நெஞ்சங்களில் நஞ்சு விதைக்கும் மேற்படி ஆசிரியர், வாகனம் பழுதுபார்ப்பது போல் பொதுமக்களுடன் நெருங்கிப் பழகி, அவர்களைத் தன்பால் ஈர்த்து வருகின்றார். கோயிலை மூட வேண்டும் என்ற தொனியில் எழுதியும் வருகின்றார். எனவே இவரை உடனடியாக இடமாற்றுமாறு...”

அரிசி அரித்துக்கொண்டிருந்த புஸ்பம் நிமிர்ந்தாள். “பிளக்கப் பூட்டித் தந்த மனிசனுக்கா இது?”

“மதம் மாத்துறவங்கட வழியே அதான். முதல்ல பிளக்கு, மறுகா ஆளு.”

“இன்னும் ஒரு மாசத்தில சோதினை. அவரும் போனா புள்ளையளுக்குக் கணக்கு ஆரு படிப்பிக்கிற? நீங்களா?”

கந்தப்போடி கடித உறையை ஒட்டினார். நாக்கு கசந்தது. பசையின் குணம் என்று நினைத்தார்.

இரண்டு கிழமை போயிற்று. வலயக் கல்விக் கந்தோரில் விசாரணை, இடமாற்றம் நிச்சயம் என்று ஊரில் கதை வந்தது. கந்தப்போடி ஒன்றும் தெரியாதவர் போல, “அப்பிடியா?” என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் தக்ஷாயினி வந்து சாப்பிடாமல் இருந்தாள். வாவியின் அக்கரையான எழுவான்கரையில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் அவள் விஞ்ஞான ஆசிரியை; தினமும் பாதையில் போய் வருபவள்.

“என்னைப் பத்திப் பெட்டிசம் போயிருக்கப்பா. பேரில்லாத பெட்டிசம்.”

“உன்னைப் பத்தியா? என்னெண்டு?”

“அம்னா எண்டு ஒரு புள்ள, ஏன் டீச்சர் பொட்டு வைக்கிற எண்டு கேட்டா. எங்கட வழக்கம், எனக்கு அதில நம்பிக்கை எண்டு சொன்னன். மறுகா பாடத்துக்குப் போயிட்டன். அவ்வளவுதான். பொட்டு வச்சிக்கிட்டு வந்து சமயம் பரப்புறனாம். பிஞ்சு நெஞ்சில நஞ்சு விதைக்கிறனாம்.”

கந்தப்போடிக்கு முதலில் வந்த கோபம் வேறு. தன்னுடைய வசனத்தை எவனோ களவெடுத்துவிட்டான்! அடுத்துத்தான் மகளின் முகம் கண்ணில் பட்டது.

“நெத்தியில என்ன கிடக்கு எண்டு பார்க்கவா புள்ளையள பள்ளிக்கு அனுப்புறாங்க? கேட்டதுக்குப் பதில் சொன்னது குற்றமா? ஒழுங்காப் படிப்பிக்கிறாளா எண்டு பார்க்கட்டும்! பேரைப் போட்டு எழுத வக்கில்லாத பயந்தாங்கொள்ளி!”

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

“இஞ்சாருங்க,” என்றாள் புஸ்பம். “அந்தப் பயந்தாங்கொள்ளி எப்பிடி இருப்பாரு? உங்கட உயரம் இருப்பாரா?”

துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. கந்தப்போடி அன்று இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

திங்கட்கிழமை மகளின் பாடசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளோடு அவரும் போனார். மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்தார். கடைசி வரிசைத் தாடிக்காரரா? கைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பவரா? பக்கத்தில் இருந்த மனிதர் எழுந்து போய் அவருக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். மிகவும் மரியாதையான மனிதர். உடனே கந்தப்போடியின் சந்தேகம் முழுவதும் அவர் மேல் திரும்பியது. பெட்டிசம் எழுதுபவன் மரியாதையாகத்தான் இருப்பான். ஒன்றும் தெரியாதவன் போலத்தான் இருப்பான். இவ்வளவு நிச்சயமாகத் தனக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்தபோது தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அதிபர் நௌஷாட் பெட்டிசத்தை வாசித்தார். “இதை எழுதினவங்க எழும்புங்க. பேசி முடிச்சிருவம்.”

எவரும் எழும்பவில்லை. பிறகு அம்னாவின் தாய் அஸீமா எழுந்தாள்.

“நான் எழுதல்ல சேர். ஆனா ஒண்டு சொல்லணும். எண்ட புள்ள கேட்டா, டீச்சர் உண்மையச் சொன்னாங்க. பொய் சொல்லியிருந்தாத்தான் நான் கோவிச்சிருப்பன். எங்கட மார்க்கம் ஒரு பொட்டுக்கு ஆடிப் போற அளவு லேசா? எண்ட மகள் இந்தத் தவணை விஞ்ஞானத்தில எழுபத்தொண்டு. அத எழுதுங்க பெட்டிசத்தில!”

மண்டபம் சிரித்தது. தக்ஷாயினி கண்ணைத் துடைத்தாள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நௌஷாட் சொன்னார்: “பேர் போட்டு எழுதினவனோட கதைக்கலாம். பிழையா நினைச்சிட்டன் எண்டு அவன் சொன்னா முடிஞ்சிது. பேரில்லாத கடிதத்தைத் திருப்பி வாங்க ஆள் இல்லையே ஐயா. அதான் அது சாகாம கிடக்கும்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை சுபாகரனின் விசாரணை. கந்தப்போடி வலயக் கந்தோருக்குப் போனபோது உள்ளே அதிகாரியின் குரல் கேட்டது.

“நீங்க மதம் மாறினீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை சொன்னா வேலை முடிஞ்சிது சேர்.”

“அதுக்கு நான் இங்க பதில் சொல்ல மாட்டன்,” என்றார் சுபாகரன். “ஓம் எண்டாலும் இல்ல எண்டாலும், நாளைக்கு எல்லா வாத்திமாரும் வரிசையில நிண்டு சொல்ல வேண்டி வரும். வகுப்பில கணக்கைத் தவிர வேற எதையும் படிப்பிச்சனா எண்டு கேளுங்க. சொல்றன்.”

கந்தப்போடி கதவைத் தட்டாமலே உள்ளே போனார். “சேர், அந்தப் பெட்டிசத்தைத் திருப்பி எடுக்க வந்திருக்கன். நான்தான் எழுதின.”

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “இது ஊர் நலன்விரும்பிகள் எழுதினது.”

“அது நான்தான்.”

“அதுக்கு என்ன ஆதாரம்? அவர்ர ஆக்கள் உங்கள அனுப்பியும் இருக்கலாம்.”

வாழ்நாளில் முதன்முறையாகக் கந்தப்போடி உண்மையைச் சொன்னார். அதை நம்ப ஆளில்லை. வேறு வழியின்றி நிமிர்ந்து நின்று, முழுப் பெட்டிசத்தையும் மனப்பாடமாக ஒப்புவித்தார். அதிகாரி கடிதத்தில் விரலை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். பிஞ்சு நெஞ்சம் வந்தது. நஞ்சு வந்தது. வாகனம் பழுதுபார்ப்பது வந்தபோது கந்தப்போடி வேகமாகச் சொல்லிக் கடந்தார். எதிரே சுபாகரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு திருத்தம் ஐயா,” என்றார் சுபாகரன் மெதுவாக. “கோயில மூடச் சொல்லி நான் எழுதல்ல. சத்தத்தக் குறைக்கத்தான் சொன்ன.”

“தெரியும் சேர். எழுதக்குள்ளயும் தெரியும்.”

அதிகாரி பேனாவை நீட்டினார். “சரி. ஏன் திருப்பி எடுக்கிறீங்க எண்டு சொல்லிப்போட்டுக் கையொப்பம் வைங்க.”

“வாத்தியார்ர நம்பிக்கை அவர்ர சொந்த விசயம் சேர். சரியெண்டு பட்டதைச் சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கு. வகுப்பில என்ன படிப்பிக்கிறார் எண்டு மட்டும்தான் ஊர் கேக்கலாம். நான் ஆறு மாசமா அவர்ர நெத்தியப் பார்த்தன். ஒரு நாளும் கரும்பலகையைப் பார்க்கல்ல.”

சொல்லிவிட்டு ஒருமையில் கையொப்பம் வைத்தார்: க. கந்தப்போடி. பழக்கம் இல்லாததால் அது அவ்வளவு அழகாக வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஏழு மணிப் பாதையில் சுபாகரன் நின்றார். நெற்றி வெறுமையாகவே இருந்தது. கையில் அதே கறுப்புப் பை.

“உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பார்க்கிறீங்களா ஐயா?” சிரித்துக்கொண்டே பையை நீட்டினார்.

கந்தப்போடியின் விரல்கள் தாமாகவே அசைந்தன. அவற்றைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“வேணாம் சேர். கையொப்பம் வச்சிட்டன்.”

திரும்பி நின்று வாவியைப் பார்க்கத் தொடங்கினார். கரை வரும்வரை பையின் பக்கம் திரும்பவேயில்லை. அறுபத்திரண்டு வயதுக்குள் அதைவிடக் கடினமான வேலை எதையும் அவர் செய்ததில்லை.