எலைன் கல்யாணத்துக்கு வாசித்த கிட்டார்

டுரியான் துங்காலில் அறை குளிரூட்டும் ஏர்கோன்களைப் பழுதுபார்க்கும் ரெஜினால்ட், வீட்டின் பின்னறையில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ஸ்டூடியோ என்றால் ஒரு கணினி, ஒரு மைக், ஒரு விலை உயர்ந்த ஹெட்போன், தன்னைத் தவிர யாருக்கும் காது சரியில்லை என்ற நம்பிக்கை.

அக்காள் மகள் எலைனுக்குக் கல்யாணம். அவள் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒலிக்க ஒரு பாட்டு செய்து தருவதாக ரெஜினால்ட் ஒப்புக்கொண்டார். பாடியவர் எலைனின் தாய் அகதா. கிட்டார் ரெஜினால்ட்.

கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டுமானால் அதே வாசிப்பைத் தனித்தனியாக இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்க வேண்டும். அவரும் முயன்றார். இரண்டாவது வாசிப்பு முதலாவதோடு எங்கேயும் ஒட்டவில்லை. தவறு தன் விரலில் இருக்க வாய்ப்பில்லாததால் அந்த முறையையே கைவிட்டார். முதல் பதிவை நகலெடுத்து வலப்பக்கம் வைத்தார். நகலின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினார். ஹெட்போனில் கிட்டார் தலைக்கு வெளியே விரிந்து நின்றது. ஒரு நொடி வேலை. வாரக்கணக்கில் பயிற்சி செய்பவர்களை நினைத்து அவருக்குப் பரிதாபமாக இருந்தது.

பாட்டைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு அகதா கூப்பிட்டார்.

"தம்பி, நான் பாடறது மட்டும்தான் கேக்குது. கிட்டாரே காணோம்."

"அக்கா, உன் ஹென்ட்போன்ல ஒரு ஸ்பீக்கர்தான். அதுல என்னா தெரியும்? ஹெட்போன் போட்டுக் கேளு லா."

"கல்யாணத்துக்கு வர்ற முந்நூறு பேரும் ஹெட்போன் போட்டுக்கிட்டா வருவாங்க?"

இதற்கெல்லாம் பதில் சொல்வது கலைஞனின் வேலையல்ல என்று அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, சுங்கை ரம்பாய் மண்டபம். நான்கு பெரிய ஸ்பீக்கர்களைப் பார்த்ததும் ரெஜினால்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிட்டாரைக் கவனிக்கும்படி அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்தார். பாட்டின் முதல் இருபது விநாடி கிட்டார் மட்டும்தான். கதவு திறந்தது. அந்த இருபது விநாடியும் எலைனின் காலணிச் சத்தமும் ஏர்கோன் சத்தமும் கேட்டன. ஏர்கோன் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அகதாவின் குரல், தன்னந்தனியாக.

ரெஜினால்ட் மண்டபத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்ட தினேஷ்வரனிடம் ஓடினார்.

"வயரு ஏதும் புடுங்கிக்கிச்சா?"

"இல்ல அண்ணே. இங்க எல்லாம் மோனோ. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேத்துத்தான் விடுவோம். உங்க கிட்டாரு ஒரு பக்கம் மேல போறப்ப மறுபக்கம் கீழ போவுது. சேந்தா சீரோ."

சொல்லிக்கொண்டே அவன் வலப்பக்க வயரைப் பிடுங்கினான். கடைசி இரண்டு வரிக்குக் கிட்டார் திடீரென்று குதித்து வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

சாப்பாட்டு வேளையில், கல்யாணத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பவானேஸ்வரி அக்கா வந்து அகதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மியூசிக்கே இல்லாம பாடுன பாரு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கடைசில என்னமோ சத்தம் வந்து கெடுத்திருச்சு."

பக்கத்தில் பிரியாணி தின்றுகொண்டிருந்த ரெஜினால்ட் தட்டோடு எழுந்து அடுத்த மேசைக்குப் போனார். வாதத்தை விட்டு விலகுவது அவருடைய வாழ்க்கையில் அரிய சம்பவம்.

அடுத்த மூன்று வாரம் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து வாசித்தார். இரண்டாவது வாசிப்புக்கு வேறு கிட்டாரை எடுத்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிக் கேட்டார். சேரும்போது எதுவும் மறையவில்லை. அவருடைய பிசகுகள்கூட மறையவில்லை. ஆனால் ஒருநாள், இரண்டு வாசிப்பும் ஒரே மூச்சில் போவதுபோல் நான்கு வரி அமைந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை.

புதிதாக வாசித்த பாட்டை எலைனுக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு மாமா. ஆனா கல்யாண வீடியோவுக்கு அம்மா மட்டும் பாடறதே போட்டுட்டோம். எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு."

ரெஜினால்ட் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். அப்புறம் மூன்றாவது வரி கொஞ்சம் பிந்துகிறது என்று தோன்ற, அதை மறுபடி வாசிக்க உட்கார்ந்தார்.