நால்வர் மட்டும்

1

இந்தக் கதை செருப்புகளிலிருந்து வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர விடுதியில், மரத்தளத்தின் மேல் உட்கார்ந்து குளிக்க ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். ‘நால்வர் மட்டும்’ என்று பலகை. படிக்குக் கீழே கல்யாண மண்டப வாசல் அளவுக்குச் செருப்பு. ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் சிரித்தபடி இறங்கி வந்தார்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அமைதியாக இருந்தது.’ அடித்துவிட்டேன். கடலைப் பற்றி யார் கேட்டார்கள்?

இரண்டாவது: ஜெரோம் வீட்டுக்குப் பின்னால் இடுப்புயரத் தூண்கள் நட்டு, விருந்தினருக்கு வாடகைக்கு விட ஒரு மரத்தளம் கட்டினான். தொட்டி, ஆயிரத்து இருநூறு லிட்டர் தண்ணீர், நாலு ஆள் என்று எடையைக் கணக்குப் போட்டான். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத போல்ட்டாகப் பார்த்து வாங்கினான். போல்ட், குழாய் எல்லாவற்றையும் இறுக முடுக்கியவள் அவன் மனைவி கவியா. இருவரும் கெட்டிக்காரர்கள். நாலு பேர் என்றால் நாலு பேர்தான் வருவார்கள் என்று நம்பியது மட்டும்தான் தப்பு.

3

வேடிக்கைக்காக மதுராந்தகத்திலிருந்து ஒரு வேனை வரவழைத்தேன். ‘நாலே பேர்’ என்று முன்பதிவு செய்தவர் அருணகிரி. கதவு திறந்ததும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

(கவியாவின் தம்பியையும் எழுதியிருந்தேன். தொண்ணூறு கிலோ. நீக்கிவிட்டேன்.)

தொட்டிக்குள் நாலு பேர்தான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அருணகிரியின் அக்கா பார்வதம் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார்.

“அண்ணாத்த, பாதிப் பேரு எறங்கிக்கினா நல்லாருக்கும்” என்றான் ஜெரோம்.

“போட்டோ எடுத்துகினு எறங்கறோம்பா. இன்னா, தாங்காதா?” என்றார் அருணகிரி.

கட்டியவனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

“அதெல்லாம் தாங்கும்.”

அந்தப் பதிலை நான் எழுதவில்லை. அவனாகச் சொன்னான்.

4

மரம் முனகியது.*

கவியா படியடியில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்தாள். “எறங்கச் சொல்லு” என்றாள் மெதுவாக.

“மொத கெஸ்ட்டு, கவியா. மூஞ்சத் தூக்கிகினு போனாங்கன்னா இன்னொருத்தன் வருவானா?”

“அப்ப நான் தண்ணியத் தொறந்து வுடறேன்.”

வடிகுழாயின் திருகு தளத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே வைத்தது நான். இரண்டாம் பகுதியிலேயே மாற்றியிருக்கலாம். அவள் முழங்காலில் தவழ்ந்து உள்ளே போய்விட்டாள்.

*தேய்ந்த சொல். உண்மையில் ‘டக்’ என்றுதான் கேட்டது. போல்ட் ஒன்று.

5

முடிவு அ: தண்ணீர் வடிகிறது. பார்வதம் கூச்சல் போட, எல்லோரும் கோபமாக இறங்குகிறார்கள். அருணகிரி திட்டிவிட்டு வேனைக் கிளப்புகிறார். எனக்கு இது போதும். ஆனால் திருகு அசையவில்லை. அதையும் முடுக்கியவள் அவள்தான்.

முடிவு ஆ: கவியா இரண்டு கையாலும் திருகைப் பிடித்து, மேலே—

எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.

ஜெரோம் இப்போது வாயைத் திறந்துவிட்டான். அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நான் எழுதிக் கொடுத்தால் சொல்லுகிறவன் இல்லை அவன், அது மூன்றாம் பகுதியிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. என்ன ஆகிறது என்று எட்டிப் பார்க்க நீங்களும் மேலே ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் செருப்பும் அந்தக் குவியலில் கிடக்கிறது. முதலில் நீங்கள் இறங்குங்கள்.

கவியா இன்னும் அடியில்தான் இருக்கிறாள்.