கண்ணாடி வைத்த கோயில்

ஹயாஷி கிணற்றடியில் கையைக் கழுவி வாயையும் கொப்பளிப்பதை, அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடியே பூரணி பார்த்தாள். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் போகும்போதுதான் கழுவுவார்கள். இந்த யப்பான்காரன் வரும்போதே கழுவுகிறான்.

"யேசுவைச் சாகக் குடுத்திட்டுப் பிலாத்துவும் இப்பிடித்தான் கையைக் கழுவினவன்," என்றார் கொம்பனிக் கிளாக்கர் இக்னேசியஸ், பக்கத்தில் நின்ற தாய்மாமனிடம்.

முதல்நாள் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேனிலிருந்து விழுந்து அப்பா யோகலிங்கம் செத்துப்போனார். ஹயாஷிதான் அங்கே இஞ்சினியர். குடித்திருந்ததால் தவறி விழுந்தார் என்று கொம்பனி எழுதிவிட்டது. சுடலைக்குப் போகுமுன் அந்த வரியைப் பொய்யாக்கிவிட வேண்டும், பூரணிக்கு வேறொன்றும் வேண்டாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஹயாஷி உள்ளே வந்து பிணத்தின் முன் குனிந்தார்.

"அப்பா குடிக்கேல்லை எண்டு கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கோ, ஐயா," என்றாள் பூரணி இக்னேசியஸிடம்.

இக்னேசியஸ் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவையின்ர சமயத்தில பத்துக் கட்டளை மாதிரி ஒண்டும் இல்லையாம். கோயிலுக்குள்ள கண்ணாடி ஒண்டு வைச்சிருக்காம். மனம் அழுக்கில்லாம இருந்தாப் போதுமாம்."

"கண்ணாடி வந்து கண்ணைக் குத்துமோ?" என்றார் மாமா.

"அப்ப பொய் சொன்னா ஆர் கேக்கிறது?" பூரணிக்கு எரிச்சல் வந்தது. கேட்க ஆளில்லாதவன் கொம்பனி சொல்லிக்கொடுத்ததைத்தானே ஒப்புவிப்பான்.

ஹயாஷி அப்பாவைக் காட்டி ஏதோ சொன்னார்.

"உங்கட அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறாராம். செத்தவையள் எங்கையும் போறேல்லையாம்."

பிறகு ஹயாஷி தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். இக்னேசியஸ் வாசலைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ," என்றாள் பூரணி.

"நேத்துக் காலமை அப்பாவில சாராயம் மணந்ததாம். தெரிஞ்சுகொண்டுதான் ஏறச் சொன்னவராம். ஊரடங்குக்கு முன்னம் கப்பல் சாமானை இறக்கி முடிக்கவேணும் எண்டு. ஏத்தினது தன்ர பிழையாம். அதையும் எழுதச் சொன்னவராம், கொம்பனி எழுதேல்லையாம்." குரலைத் தணித்துத் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார்: "இதை வெளியில சொன்னதுக்கு இவருக்கு வேலை போகும், பிள்ளை."

"பாத்தியே, அவனே ஒத்துக்கொண்டிட்டான்!" மாமா எழுந்தே விட்டார். அம்மா பூரணியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

திட்டித் தீர்க்க ஓர் ஆள் அகப்பட்டுவிட்டான். ஆனால் பூரணிக்கு வெட்கமாக இருந்தது, அந்த மனிதரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நேத்து அப்பாவுக்குச் சோத்துப் பார்சல் குடுக்கேக்க எனக்கும் மணந்தது," என்றாள். "நான் ஒண்டும் சொல்லேல்லை."

இக்னேசியஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. வெளியே பறை தொடங்கியது. அம்மா தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.